தேனீயிடம் பயின்ற பொறியாளர்

விருதுநகரினின்று சிவகாசிக்குப் புகைவண்டியில் செல்வோர் சாளரத்தின் வழியே ஒரு காட்சியைக் காணலாம். இருப்புப் பாதையை ஒட்டி நிற்கும் வேலிக்கருவை மரங்கள் இமைப்பொழுதில் பின்னே ஓடி மறையும். தொலைவில், தீ ஒன்றினின்று மற்றொன்றிற்குத் தாவாதிருக்கும்பொருட்டு இடைவெளி விட்டுக் கட்டப்பெற்ற பட்டாசுத் தொழிற்சாலைக் கொட்டகைகள் மெல்ல நகரும். மேற்குத் தொடர்ச்சி மலையோ நம்முடனேயே வருவது போலத் தோன்றும். அண்மையிலுள்ளது விரைந்தும் சேய்மையிலுள்ளது மெதுவாகவும் ஓடுவதாகத் தோன்றும் இவ்வுண்மையை நாம் கண்டும் கருதுவதில்லை. தேனீயின் பிழைப்போ இதனையே சார்ந்துள்ளது.

இதனை ஆராய்ந்து காட்டியவர்களுள் தலைசிறந்தவர் மண்டயம் சீனிவாசன். 1948-ஆம் ஆண்டு புனேயில் பிறந்த அவர், பெங்களூரில் மின்பொறியியல் பயின்று, 1976-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மின்பொறி கற்றவருக்குப் பூச்சியின் மூளையில் என்ன வேலை என்று நீங்கள் வினவக்கூடும். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. தேனீயின் மூளையிலோ பத்து இலட்சமளவே. அதன் கண்கள் அசையாதவை. மிக நெருங்கி அமைந்தவை. ஆதலின் நம்மைப்போல் இரு கண்களையும் ஒருங்கே செலுத்தித் தொலைவை அறிய அதனால் இயலாது. இருந்தும் அது எதிலும் மோதாமல் பறக்கின்றது. இத்துணைச் சிறிய கருவி இத்துணைப் பெரிய வேலையை எங்ஙனம் செய்கின்றது என்பது பொறியாளர் கேட்க வேண்டிய கேள்வியே அன்றோ?

ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் அவர்தம் குழுவினர், இருபுறமும் கோடுகள் தீட்டிய சுவர்களுக்கிடையே தேனீக்களைப் பறக்கவிட்டனர். அவை நட்டநடுவே பறந்தன. பின்னர் ஒரு சுவரின் கோடுகளைத் தேனீ செல்லும் திசையிலேயே நகர்த்தினர். அப்பக்கத்துக் காட்சி மெதுவாக ஓடவே, அச்சுவர் தொலைவிலுள்ளதென மயங்கித் தேனீ அதனை நெருங்கிப் பறந்தது. இரு கண்களிலும் காட்சியின் வேகத்தைச் சமமாக்கிக்கொள்வதே அது கையாளும் வழி என்பது புலனாயிற்று.

இரை உள்ள தொலைவைத் தேனீ தன் ஆட்டத்தினால் கூட்டிலுள்ள பிற தேனீக்களுக்கு அறிவிக்கும் என்பதைக் கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்னும் ஆஸ்திரிய அறிஞர் முன்னரே விளக்கியிருந்தார்; 1973-இல் நோபெல் பரிசும் பெற்றார். ஆனால் பறந்த தொலைவைத் தேனீ எவ்வாறு அளக்கின்றது? செலவழிந்த ஆற்றலைக் கொண்டு என்று அவர் எண்ணினார். சீனிவாசன் குழுவினர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு வேறு விடை தந்தது. ஆறு மீட்டர் நீளமுள்ள குறுகிய குழாய்வழி ஒன்றில் பறந்து மீண்ட தேனீ, ஏறத்தாழ இருநூறு மீட்டர் சென்று வந்ததாக ஆடிக் காட்டியது! சுவர்கள் மிக அருகில் இருந்தமையால் காட்சி மிக விரைந்து ஓடியதே காரணம். கோடுகளைக் குழாயின் நீளவாக்கில் தீட்டியபோது காட்சி ஓட்டமே இல்லை, அம்மயக்கமும் இல்லை.

2001-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பளிப்பது. வாயிலில் கண்ட நிறத்தையே உள்ளே தேர்ந்தெடுக்கப் பழகிய தேனீக்கள், நிறத்தை நீக்கிக் கோடுகளை வைத்தபோதும் ‘ஒத்தது’ எதுவெனக் கண்டுகொண்டன. எண்ணற்ற படங்களைக் காட்டிப் பழக்கவேண்டிய இக்காலக் கற்கும் இயந்திரங்களோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

2006-இல் ஆஸ்திரேலியப் பிரதமரின் அறிவியல் பரிசைப் பெற்ற சீனிவாசன், அடுத்த ஆண்டு குவீன்ஸ்லாந்து மூளை ஆய்வு நிலையத்திற்குச் சென்றார். தேனீ தரையிறங்கும் முறை வானூர்திக்கும் உதவுமென அவர் கண்டார். தரைக்காட்சி ஓடும் வேகம் மாறாதபடி தேனீ இறங்குகின்றது. ஆகவே தரை நெருங்க நெருங்க அதன் விரைவு தானே குறைந்து, தொடும்போது இல்லையாகிவிடுகின்றது. உயரத்தையும் வேகத்தையும் தனித்தனியே அளக்கும் கருவிகள் அதற்குத் தேவையில்லை. ஆளில்லாச் சிறு வானூர்திகள் இவ்விதியைக் கொண்டு தரையிறங்கக் கற்றுள்ளன.