பாட்டரி முனை சூடேறுவது ஏன்?
சூரிய மின் அமைப்பு வைத்திருப்போருக்கு ஒரு பாடம்

நம் சங்க அங்கத்தினர்களில் பலர் இன்று கூரையில் சூரிய மின் தகடும், வீட்டினுள் பாட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்திருக்கின்றனர். மின்சாரம் தடைப்பட்ட இரவிலும் குழித்தறியின் மேல் விளக்கு எரிகிறது. தோட்டத்து வீட்டில் மின்விசிறி சுழல்கிறது. இவை யாவும் நன்மையே. ஆனால் பாட்டரி இருக்கும் அதே மூலையில் நூல் சிப்பங்களும், பருத்திப் பொதிகளும், வெற்றுச் சாக்குகளும் அடுக்கப்பட்டிருப்பதையும் நாம் காண்கிறோம். ஆதலின், பாட்டரி முனையில் தோன்றும் சூட்டைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

நாம் கண்ட ஓர் இல்லம்

நெசவாளர் ஒருவர் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தபோது, கருகிய ரப்பர் வாடை வீசிற்று. பாட்டரியின் நேர் முனையருகே கம்பியின் மேலுறை பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. “பாட்டரி கெட்டுவிட்டது ஐயா, புதிது வாங்கச் சங்கத்தில் கடன் மனு கொடுக்க எண்ணியிருக்கிறேன்” என்றார் வீட்டுக்காரர். இணைப்புகளை எல்லாம் நிறுத்திச் சூடு ஆறிய பின்னர் முனையைத் தொட்டுப் பார்த்தோம். மறை விரலாலேயே சுழன்றது! கம்பியின் காதுக்கும் ஈய முனைக்கும் நடுவே துருவேறிய இரும்பு வாஷர் ஒன்றும் இருந்தது. வாஷரை எடுத்துவிட்டு, முனையைத் துலக்கி, கருகிய கம்பி நுனியை வெட்டிப் புதிய காது பொருத்தி முடுக்கினோம். அன்றிரவு முனை குளிர்ந்தே இருந்தது. கடன் மனுவிற்கு அவசியம் இல்லாது போயிற்று. பழுது பாட்டரியில் இல்லை, இணைப்பில்தான் இருந்தது.

சூட்டின் காரணம்

மின்னோட்டம் தடையைக் கடக்கும்போது வெப்பம் பிறக்கிறது. அவ்வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்பதை ஆங்கில விஞ்ஞானி ஜேம்ஸ் ஜூல் 1840-ஆம் ஆண்டையொட்டிய தம் சோதனைகளால் நிறுவினார். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும்.

600 வாட் அளவுள்ள சாதனங்களை இயக்குவதாகக் கொள்வோம். 230 வோல்ட் வீட்டுக் கம்பியில் இதற்கு ஓடுவது சுமார் 2.6 ஆம்பியர் மட்டுமே. அதே சாதனங்களை 12 வோல்ட் பாட்டரியிலிருந்து இயக்கினால், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்துச் சுமார் 60 ஆம்பியர் ஓட வேண்டும். எனவே, சுவரிலுள்ள சுவிட்சில் ஒரு பொருட்டாகத் தோன்றாத சிறு தடை, பாட்டரி முனையில் ஐந்நூறு மடங்குக்கு மேல் வெப்பத்தை உண்டாக்கும்.

தளர்ந்த முனையின் தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கே என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 60-ஆல் பெருக்கினால் 3,600. அதில் நூறில் ஒரு பங்கு 36. ஆக, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலுக்கு நிகரான 36 வாட் வெப்பம் விரற்கடை அளவான இடத்தில் ஓயாது பிறந்துகொண்டிருக்கும்.

ஆயிரம் இழை கொண்ட பாவைப் புதிய பாவோடு பிணைக்கும்போது நூறு இழைகளை மட்டும் பிணைத்துவிட்டுத் தறியை ஓட்டினால் என்னாகும்? முழு இழுவையும் அந்நூறின் மேல் விழும். தளர்ந்த முனையும் அத்தகையதே. கண்ணுக்கு இரு உலோகங்களும் ஒட்டியிருப்பனபோல் தோன்றினும், உண்மையில் சில புள்ளிகளே தொட்டிருக்கின்றன. அப்புள்ளிகள் சூடேறிக் கருகக் கருகத் தடை மேலும் கூடும். தடை கூடக் கூடச் சூடும் ஏறும்.

பியூஸ் ஏன் காப்பதில்லை?

“பியூஸ் இருக்கிறதே, அஞ்சுவானேன்?” என்று சிலர் வினவுவர். பியூஸ் என்பது அளவுக்கு மீறிய மின்னோட்டம் ஓடினால் மட்டுமே உருகுவது. தளர்ந்த முனையிலோ மின்னோட்டம் மிகுவதில்லை. வழக்கமான மின்னோட்டமே தவறான இடத்தில் வெப்பமாக மாறுகிறது. ஆகவே, கம்பி உறை பற்றி எரியும்வரை பியூஸ் வாளாவிருக்கக் கூடும். பியூஸ் அவசியமே, ஆனால் இத்தீங்கிற்கு அது மருந்தன்று. நம் கண்ணும் கையுமே காவல்.

எந்த இடம் சூடாகிறது?

சாதனங்களை அரைமணி நேரம் இயக்கிய பின், புறங்கையை ஒவ்வோர் இணைப்பின் அருகேயும் கொண்டு சென்று சூட்டை ஒப்பிடுக. உலோகத்தைத் தொடலாகாது.

1. ஒரு முனை மட்டும் சூடாக இருந்தால், அம்முனை தளர்ந்தோ அழுக்கேறியோ இருக்கிறது.

2. முனை குளிர்ந்து, காதும் அதனுள் செல்லும் கம்பி நுனியும் சூடாக இருந்தால், காதைக் கம்பியோடு நெரித்துப் பொருத்தியது சரியில்லை. சுத்தியலால் தட்டி நசுக்கிய காதுகளில் இது மிகுதி.

3. கம்பி முழுவதும் ஒரே சீராகச் சூடேறினால் கம்பி மெலிது. 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், போகவும் வரவும் 4 மீட்டர் நீளத்தில் 60 ஆம்பியர் ஓடினால், 60 வாட்டுக்கு மேல் கம்பியிலேயே வெப்பமாகும். 1 வோல்ட்டும் வழியில் கழியும். இத்தகைய இடத்தில் 25 சதுர மில்லிமீட்டர் கம்பி தகும். அதையும் இயன்றவரை குறுகலாக வைத்தல் வேண்டும்.

4. பாட்டரியின் உடலே சூடேறி, நீர் கொதிப்பதுபோல் குமிழியிட்டு, அழுகிய முட்டை வாடை வீசினால், அது முனையின் குற்றமன்று. அளவு மீறி மின்னேற்றமோ, உள்ளறைப் பழுதோ இருத்தல் வேண்டும். உடனே மின்னேற்றத்தை நிறுத்திச் சன்னல்களைத் திறந்து, தொழில் அறிந்தவரை அழைக்க வேண்டும்.

மல்டிமீட்டர் உள்ளவர்கள் இன்னும் திட்டமாக அறியலாம். சுமை ஓடும்போது ஒரு முள்ளை ஈய முனையின் மேலும், மற்றொன்றைக் கம்பிக் காதின் மேலும் வைத்து வோல்ட்டை அளக்கவும். அவ்வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் அங்கே பிறக்கும் வெப்பம் வாட்டில் கிடைக்கும். 0.02 வோல்ட்டும் 60 ஆம்பியரும் ஆனால் 1.2 வாட், குற்றமில்லை. 0.5 வோல்ட் காட்டினால் 30 வாட். அந்த இணைப்பை அன்றே பிரித்துச் செப்பனிட வேண்டும்.

செப்பனிடும் முறை

ஈய அமிலப் பாட்டரி மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். எனவே, முதலில் கதவையும் சன்னலையும் திறந்து வைக்கவும். பீடி, விளக்கு, ஊதுவத்தி ஆகாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைக்கவும். ஸ்பானரின் பிடியில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றவும்; அது இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் பெருந்தீங்கு விளையும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிக.

அடுத்து, சாதனங்களை நிறுத்தி இன்வெர்ட்டரை நிறுத்தவும். வெளி மின்சாரத்தால் ஏறும் மின்னேற்றத்தையும் நிறுத்தவும். சூரியத் தகட்டின் இணைப்பைத் துண்டித்த பின்னரே பாட்டரியைத் தொட வேண்டும். பாட்டரியை முதலில் கழற்றினால் மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதடையக் கூடும். முனைகளுள் எதிர் முனையை முதலில் கழற்றுவது வழக்கம்.

முனையில் வெண்மையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருக்கும் பொடி, அமிலம் கசிந்து உலோகத்தை அரித்ததன் விளைவு. ஒரு குவளை நீரில் ஒரு கரண்டி ஆப்பச் சோடாவைக் கரைத்து, அதில் தோய்த்த துணியால் துடைத்தால் அமிலம் தணியும். அக்கரைசல் ஒரு துளியும் பாட்டரி அறைக்குள் விழலாகாது. பின்னர் நீரால் துடைத்து உலர்த்தி, உப்புத்தாளால் முனையும் காதும் பளிச்சிடும்வரை மெல்லத் தேய்க்கவும்.

மீண்டும் பொருத்துகையில் காது ஈய முனையை நேராகத் தொட வேண்டும். காதின் மேல் தட்டை வாஷர், அதன் மேல் சுருள் வாஷர், அதன் மேல் மறை, இதுவே முறை. முனைக்கும் காதுக்கும் இடையே எதுவும் வரலாகாது. ஈயம் மென்மையான உலோகம். மிகைபட முடுக்கினால் முனை சிதையும். பாட்டரியோடு வந்த குறிப்பில் முடுக்கும் அளவு தரப்பட்டிருப்பின் அதனையே பின்பற்றுக. முடுக்கிய பின்னரே, காற்றும் அமில ஆவியும் புகாதவாறு மேலே பெட்ரோலியம் ஜெல்லியைப் பூசவும். இணைக்கும்போது நேர் முனை முதலில், எதிர் முனை பின்னர், சூரியத் தகடு இறுதியில். இன்வெர்ட்டரை இணைக்கையில் சிறு பொறி தோன்றக்கூடும். காற்றோட்டம் வேண்டும் என்று மேலே கூறியது இதன் பொருட்டே.

ஈயம் அழுத்தத்தில் சிறிது சிறிதாக நெகிழும் இயல்புடையது. ஆதலால் சில வாரங்களில் மறையை மறுபடி சோதிக்கவும். பின்னர் மூன்று மாதத்திற்கு ஒருமுறை சோதித்தல் நன்று. லித்தியம் பாட்டரியில் வெளி முனைகளைச் சோதிப்பதோடு நிற்க வேண்டும். அதன் பெட்டியைத் திறத்தல் நம் வேலையன்று.

புதிதாக அமைப்போர் கவனத்திற்கு ஒன்று. பெருஞ்சுமை வேண்டுவோர் 12 வோல்ட்டுக்குப் பதில் 24 வோல்ட் அமைப்பைக் கேட்டு வாங்கலாம். மின்னோட்டம் பாதியாகும், அதே தடையில் வெப்பம் கால் பங்காகும்.

கூட்டத்தில் ஆராய்வதற்கு

1. நம் வீட்டுப் பாட்டரியின் அருகே என்னென்ன பொருள்கள் உள்ளன? அவற்றுள் தீப்பற்றுவன எவை?

2. இணைப்பு தளர்ந்தபோது பியூஸ் உருகாதது ஏன்?

3. வீட்டிற்கொருவர் ஸ்பானரும் மல்டிமீட்டரும் வாங்குவது நலமா, சங்கமே ஒரு தொகுதி வாங்கி முறை வைத்து வழங்குவது நலமா?

முதல் வினாவிற்கு விடை காண இன்று மாலையே எழுந்து சென்று பாருங்கள். பாட்டரியின் பக்கத்தில் நூல் சிப்பம் இருக்குமாயின், இப்பாடத்தின் மற்றப் பகுதிகளைச் செய்வதற்கு முன் அதனை அகற்றி வையுங்கள். அவ்வொரு செயலுக்குக் காசும் வேண்டா, கருவியும் வேண்டா.