இலவசப் படத்தின் விலை: வாழ்வியல் கணிதத்தில் ஒரு செயல்பாடு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் ஆலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகளே எங்கள் வகுப்பில் அதிகம். பல வீடுகளில் ஒரே ஒரு செல்போன்தான். அம்மாவின் வங்கிக் கணக்கும் அதில்தான், பிள்ளைகள் படம் பார்ப்பதும் அதில்தான். புதுப்படம் 'இலவசமாக' வரும் இணைப்பு அந்த போனுக்குள் நுழைவதால், இது நம் வகுப்பறைக்கும் உரிய செய்தியாகிறது. "திருட்டுப் படம் பார்க்காதே" என்று சொன்னால் தலையாட்டுவார்கள், பழக்கம் மாறாது. எனவே எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் விழுக்காடு நடத்தும்போது இதையே கணக்காகக் கொடுத்தேன்.

படி 1: கணக்கிடுதல்

அமேசான் பிரைமின் ஆண்டுச் சந்தா ரூ.1,499. 2025 ஜூன் 17 முதல் அதன் படங்களுக்கு நடுவே விளம்பரம் வருகிறது. விளம்பரம் வேண்டாம் என்றால் ஆண்டுக்கு ரூ.699 கூடுதல். எத்தனை விழுக்காடு உயர்வு? ஏறத்தாழ 47. நெட்ஃபிளிக்ஸின் மொபைல் திட்டம் மாதம் ரூ.149 என்றால் ஆண்டுக்கு ரூ.1,788. இரண்டும் சேர்ந்து ரூ.3,986. மற்ற தளங்களின் அன்றைய விலையை மாணவர்களே கேட்டறிந்து சேர்த்தார்கள்.

படி 2: காரணம் தேடுதல்

"காசு கட்டினவங்களே ஏன் மறுபடியும் திருட்டுத் தளத்துக்குப் போறாங்க?" என்று குழுக்களில் பேசவிட்டேன். "ஒரு படம் ஒரு ஆப்ல, அடுத்த படம் வேற ஆப்ல இருக்கு சார்." "பாதி பார்த்து வச்ச படத்தைத் தூக்கிட்டாங்க சார்." "மாமா பாஸ்வேர்டு இப்ப வேலை செய்யல சார்." மூன்றும் உண்மையே. உரிம ஒப்பந்தம் முடிந்தால் படம் தளத்தைவிட்டுப் போய்விடும். நெட்ஃபிளிக்ஸ், வேறு வீட்டாருடன் கடவுச்சொல் பகிர்வதை இந்தியாவில் 2023 ஜூலையில் நிறுத்தியது. கணினி விளையாட்டுகளை விற்கும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல், திருட்டுப் பிரதி பெரும்பாலும் விலைச் சிக்கல் அல்ல, சேவைச் சிக்கலே என்று 2011-இலேயே சொன்னார். நம் மாணவர்கள் தம் சொற்களில் அதையே சொன்னார்கள்.

படி 3: மறைந்திருக்கும் விலை

காரணம் புரிவதால் செயல் சரியாகிவிடாது. திருட்டு வி.சி.டி. காலம் முதல் தமிழ்ராக்கர்ஸ் வரை நட்டம் நடிகருக்கு மட்டுமல்ல. லைட்மேன் முதல் தியேட்டர் ஊழியர் வரை அதில் பங்கு உண்டு. 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, தியேட்டரில் திருட்டுத்தனமாகப் படம்பிடித்தால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை; அபராதம் குறைந்தது ரூ.3 லட்சம். இதைவிட மாணவர்களைச் சட்டென நிமிர வைத்தது வேறொன்று: அந்தத் தளங்களில் சூதாட்ட விளம்பரங்களும், தெரியாத செயலியை நிறுவச் சொல்லும் பொத்தான்களும் இருக்கின்றன. அப்படி நிறுவும் செயலி குறுஞ்செய்திகளைப் படித்தால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யும் அதன் கைக்குப் போய்விடும்.

படி 4: நேர்வழிகள்

ஒரு மாதம் ஒரு தளம், அடுத்த மாதம் இன்னொன்று என மாற்றிக்கொண்டால் செலவு எவ்வளவு குறையும்? உரிமை பெற்றவர்களே யூடியூபில் வெளியிட்டுள்ள படங்கள் எவை? இவற்றைக் கொண்டு ஒவ்வொருவரும் தம் குடும்பத்துக்கு ஓர் ஆண்டுத் திட்டம் எழுதினார்கள். அதையே மதிப்பீடாகக் கொண்டேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

இந்தப் பாடத்தை நடத்தினால், "அப்போ நோட்ஸ் பி.டி.எஃப். அனுப்பறது சரியா சார்?" என்ற கேள்வி வரலாம். பதிலோடு போவது நல்லது. அரசுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும் தயங்காமல் பகிரலாம். பாரதியின் படைப்புகளுக்கு 1949-இலேயே அந்த வழி பிறந்துவிட்டது. ஆனால் விலைக்கு விற்கும் கையேட்டை ஸ்கேன் செய்து ஆசிரியர் குழுவில் போடுவதும், திருட்டுப் படத்தின் இணைப்பை அனுப்புவதும் ஒன்றே. மாணவர்கள் நம் சொல்லைவிட நம் போனைக் கூர்ந்து பார்க்கிறார்கள்.