தருமியின் பாடலும் கணினியின் கவிதையும்

நுழையும்முன்

கவிதை எழுதவும் இசையமைக்கவும் படம் வரையவும் கணினி பழகிவிட்ட காலம் இது. இனி, மனிதப் படைப்பாற்றலின் தனித்தன்மை யாது? மதுரையில் வழங்கும் பழங்கதையொன்று இவ்வினாவிற்கு வழிகாட்டுகிறது.

தருமியின் தடுமாற்றம்

பாண்டிய மன்னனின் ஐயத்தைத் தீர்க்கும் பாடலுக்குப் பொற்கிழி அறிவிக்கப்பட்டது. வறியவனான தருமி, இறைவன் எழுதித் தந்த பாடலைச் சங்கத்திற்குக் கொண்டுசென்றான். அதில் பொருட்குற்றம் உண்டு என நக்கீரர் தடுத்தபோது அவனால் விடைகூற இயலவில்லை. பாடல் அவன் கையில் இருந்தது. பாடலை ஈன்ற சிந்தனை அவனிடம் இல்லை. இறுதியில் இயற்றியவரே அவைக்கு வந்து வாதிட நேர்ந்தது எனத் திருவிளையாடற்புராணம் கூறுகிறது. இறையனார் பெயரில் குறுந்தொகையின் 2ஆம் பாடலாக அப்பாடல் இன்றும் உள்ளது.

கணினியின் கவிதை

செயற்கை நுண்ணறிவு மொழிக்கருவிகள், மனிதர் எழுதிய எண்ணற்ற பனுவல்களிலிருந்து சொற்கள் இணைந்துவரும் பாங்கினைக் கற்கின்றன. அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துத் தொடர்களை அமைக்கின்றன. பிரிவைப் பாடுமாறு கேட்டால் நொடியில் பாடல் தருகின்றன. ஆனால், அவை எவரையும் பிரிந்து வருந்தியதில்லை.

குறுந்தொகைப் புலவர் ஒருவர், பிரிவால் வாடும் தலைவியின் தனிமையை, மக்கள் நீங்கிய வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடும் காட்சியால் உணர்த்தினார். அவரது இயற்பெயர் மறைந்தது. அக்காட்சியே ‘அணிலாடு முன்றிலார்’ என்னும் பெயராக நிலைத்தது.

குற்றம் சுட்டினால் கருவியும் விளக்கம் தரும். எனினும், அவ்விளக்கத்தால் அதற்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. நக்கீரரோ நெற்றிக்கண்ணைக் கண்டபின்னும் தம் தீர்ப்பில் உறுதியாக நின்றார்.

பொறுப்பேற்கும் மனம்

2024இல் வெளிவந்த ‘லால் சலாம்’ திரைப்படப் பாடலொன்றில், மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் மீட்டுருவாக்கினார். அவர்களுடைய குடும்பத்தாரிடம் இசைவு பெற்று, உரிய ஊதியமும் அளித்ததாகத் தெரிவித்தார். குரலை உருவாக்கியது கருவி. இசைவு கேட்க வேண்டும் என எண்ணியது மனித மனம்.

கற்றோர் அவையில் நின்று தடைகளுக்கு விடைகூறி நூலை அரங்கேற்றுவது தமிழ் மரபு. கருவியின் துணையை நாடுவோருக்கும் அம்மரபு பொருந்தும். தம் பெயரில் அளிக்கும் ஒவ்வொரு வரிக்கும் விடைகூற வல்லவரே படைப்பாளர்.

கற்பவை கற்றபின்

செயற்கை நுண்ணறிவுக் கருவி இயற்றிய கவிதை ஒன்றையும் நீங்கள் இயற்றிய கவிதை ஒன்றையும் வகுப்பில் படித்து, நண்பர்கள் எழுப்பும் வினாக்களுக்கு விடைகூறுக.