விரைவுணவும் கரிசல் நாட்டு அடுக்களையும்

மக்கள் உண்ணும் உணவிற்கு இருவகை விலை உண்டு. ஒன்று, அதன்கண் அமைந்த பண்டத்தின் விலை. மற்றொன்று, அப்பண்டத்தை உண்ணத் தக்கதாக ஆக்கும் உழைப்பின் விலை. முன்னையதைக் கடைக்காரர் எழுதிக் காட்டுவர். பின்னையதை எழுதிக் காட்டுவார் இலர். இற்றை நாளில் பெருகிவரும் விரைவுணவைப் பழித்தும் புகழ்ந்தும் பேசுவோருட் பலர் இப்பின்னைய விலையை மறந்தே பேசுகின்றனர். ஆதலின், அருப்புக்கோட்டை, திருச்சுழி என்னும் ஊர்களைச் சூழ்ந்த வானம்பார்த்த நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வுணவு எவ்வாறு வந்தது, எதனை விலக்கிற்று, அதனிடத்து நாம் எவ்வாறு ஒழுகற்பாலம் என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

இந்நாட்டில் ஆண்டிற்குச் சற்றேறக்குறைய 800 மில்லிமீட்டர் மழையே பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களை ஒட்டி வடகீழ்ப் பருவக்காற்றால் வருவது. திருச்சுழியை அடுத்து ஓடும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதியும் மணலாகவே கிடக்கும். ஆயினும், கரிசல் மண் ஒருமுறை பெற்ற ஈரத்தை நெடுநாள் காக்கும் இயல்பினது. அதனால் கம்பு, சோளம், குதிரைவாலி முதலிய தவசங்கள் இங்குள்ள மானாவாரிப் புஞ்சைகட்கு ஏற்றனவாயின. புரட்டாசியில் விதைத்த குதிரைவாலி ஏறத்தாழ மூன்று திங்களில் அறுவடைக்கு வரும்.

விரைவுணவு என்பது இந்நாட்டார்க்கு முற்றும் புதியதன்று. முதல்நாள் காய்ச்சி உருட்டி நீரிலிட்ட கம்மஞ்சோற்றை மறுநாள் விடியலில் மோர்விட்டுக் கரைத்து, வெங்காயத்தையோ மோர்மிளகாயையோ துணையாகக் கொண்டு குடித்துவிட்டுக் களையெடுக்கச் செல்வதற்குக் கால் நாழிகையும் வேண்டுவதில்லை. வற்றலும் வடகமும் பொடிவகைகளும், வழிநடைக்குக் கட்டிச் சென்ற புளிச்சோறும் அத்தகையனவே. உண்ணும் பொழுதில் நேரம் கொள்ளாமையே விரைவுணவின் இலக்கணம் எனின், இவையனைத்தும் விரைவுணவேயாம்.

ஆயின், அவ்விரைவு எங்கிருந்து வந்தது? முன்னரே ஒருவர் செலவிட்ட நேரத்திலிருந்து வந்தது. கம்பிற்கு நீர் தெளித்துப் பிசறி, உரலிலிட்டுக் குற்றி, சுளகிற் புடைத்து உமி நீக்கி, மீண்டும் இடித்துக் குருணையாக்கிய பின்னரே அடுப்பேற்றுதல் கூடும். குதிரைவாலியோ அதனினும் கடியது. மணி சிறிது, உமியோ இறுகப் பற்றியது. பகல் முழுதும் புஞ்சையில் வேலை செய்து திரும்பிய பெண்டிரே இரவில் உலக்கையும் பிடித்தனர். பண்டை உணவின் சிறப்பைப் பாராட்டுவோர் அவ்வுலக்கையின் பாரத்தையும் உடன் எண்ணிப் பார்த்தல் முறையாகும்.

இனி, கடையில் விற்கும் ஆயத்த உணவின் பிறப்பை நோக்குவாம். 1880-களில் சுவிட்சர்லாந்து நாட்டில் ஆலைத்தொழில் மேற்செய்யும் பெண்டிர்க்குச் சமைக்கவும் நேரமில்லை, நல்லுணவு வாங்கப் பொருளும் இல்லை. இக்குறையைக் கண்ட ஆலை ஆய்வாளரும் மருத்துவருமான பிரிடோலின் ஷூலர் என்பார், விரைவிற் சமைக்கத்தக்கதும் சத்துடையதுமான பயற்றுமாவு உணவு வேண்டுமென்று முயன்றார். அதனைச் செய்து தந்த மாவாலை உரிமையாளரே ஜூலியஸ் மாகி என்பவர். இன்று நம் சிறார் வாயில் வழங்கும் மேகி என்னும் பெயர் அவருடையதே. ஜப்பான் நாட்டில் மோமொபுகு ஆண்டோ என்பார் 1958-ஆம் ஆண்டில் உடனடி நூடுல்ஸை விற்பனைக்குக் கொணர்ந்தார். ஆவியில் வேகவைத்த மாவிழையை எண்ணெயிற் பொரித்தால் அதன் நீர் வெளியேறி நுண்துளைகள் உண்டாகும். பின்னர்க் கொதிநீர் அத்துளைகளின் வழியே புக, இழை விரைவில் மென்மையாகும். இதுவே அதன் சூட்சுமம். எனவே, இவ்வுணவும் ஏழை உழைப்பாளியின் நேரக்குறையை நீக்கவே தோன்றிற்று என்பது தெளிவு.

நம் நாட்டிலும் காரணம் அதுவே. நெசவிற்குப் பெயர்பெற்ற அருப்புக்கோட்டையில் நூற்பாலைகளும் எழுந்தன. முறைவேலைக்குச் செல்வார்க்கு அடுக்களையும் கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டதாயிற்று. நியாயவிலைக் கடைகளில் 2011-ஆம் ஆண்டு முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கலாயிற்று. உமி நீக்கும் தொல்லையற்ற அவ்வரிசி இருக்க, குதிரைவாலியைக் குற்றுவார் யாவர்? மாலை வேளையில் பரோட்டாக் கடையின் கல்லோசை தெருவெங்கும் கேட்கின்றது; எண்ணெயிற் பொரித்த பரோட்டா விருதுநகர்ப் பக்கத்திற்கே உரிய பெயராயிற்று. சூப்பர் மார்க்கெட் என்னும் பெருங்கடைகளில் நூடுல்ஸும், அரைத்த இட்லி மாவும், நீர் சேர்த்தால் உணவாகும் பொட்டலங்களும் அடுக்கப்பட்டிருக்கின்றன.

இக்கட்டுரையின் பொருட்டு யாம் இவ்வுணவுகளை ஒரே வாரத்தில் வாங்கியும் ஆக்கியும் உண்டு பார்த்தோம். பரோட்டா, கேட்ட சில நிமிடங்களிற் சால்னாவுடன் இலைக்கு வந்தது. அதன் சுவையை மறுத்தல் பொய்யாகும். நூடுல்ஸ், நீர் கொதிக்கும் நேரத்தையும் கூட்டிப் பத்து நிமிடத்திற்குள் முடிந்தது. எனினும் இரண்டு மணி நேரத்திற்குள் பசி மீண்டது. பொறியில் உமி நீக்கிய குதிரைவாலியரிசி இருபது நிமிடத்தில் சோறாயிற்று. நண்பகல்வரை பசி தோன்றவில்லை. இறுதியாக, உமி நீக்காத குதிரைவாலியிற் சிறிதளவை உரலிலிட்டுக் குற்றினோம். அரை மணி கழிந்தும் பாதி உமி போகவில்லை. உள்ளங்கை மட்டும் கொப்புளித்தது.

இதனால் யாம் அறிந்தது ஒன்று. புதிய உணவிற்கும் பழைய உணவிற்கும் அடுப்பின்மேல் உள்ள வேற்றுமை பத்து நிமிடமே. பெருவேற்றுமை முழுதும் உரலில் உள்ளது. மக்கள் சிறுதவசத்தைக் கைவிட்டது சுவையை வெறுத்தன்று, சோம்பலாலும் அன்று. உலக்கையை இறக்கி வைக்க விரும்பியே கைவிட்டனர். அவ்விருப்பம் குற்றமாகாது.

எனினும், உலக்கையோடு உணவின் உறுதிப்பொருளும் போய்விடுதல் தகாது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் கம்பில் ஏறத்தாழ 11 கிராம் புரதமும் 6 மில்லிகிராம் இரும்பும் உள்ளன. தீட்டிய பச்சரிசியிற் புரதம் ஏறத்தாழ 8 கிராம், இரும்போ 1 மில்லிகிராமிற்கும் குறைவு. கம்பிலுள்ள இரும்பு உடலில் எளிதிற் சேராது என்பர் சிலர், அஃது உண்மையே. ஆயின், மாவைப் புளிக்க வைத்தலால் அத்தடை குறையும். நம் முன்னோர் கூழைப் புளிக்கவிட்டதன் பயன் இதுவாம். மைதாவோ கோதுமையின் தவிடும் முளையும் நீக்கப்பட்ட மாவு. உலக சுகாதார நிறுவனம் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமிற்குக் குறைவான உப்பே போதும் என்கின்றது. நூடுல்ஸ் பொட்டலங்களுட் பலவற்றில் ஒன்றிலேயே அதன் மூன்றிலொரு பங்கிற்கு மேல் அடங்கிவிடுகின்றது. வளரும் சிறாரும், குருதிக் குறைவுற்ற பெண்டிரும் இவற்றையே நாடோறும் உண்பாராயின், மிச்சப்பட்ட நேரத்தின் விலையை அவர்தம் உடல் செலுத்த நேரும்.

அற்றேல், செய்யத்தக்கது யாது? முதலாவது, உமி நீக்கும் பொறி விளையும் ஊரிலேயே அமைதல் வேண்டும். அஃது இல்லையாயின், உழவன் குறைந்த விலைக்கு விற்ற தவசமே வேற்றூர் சென்று, அழகிய பொட்டலத்தில் அரிசியினும் மிக்க விலையோடு அவனுக்கே திரும்பி வரும். கூட்டுறவாக ஒரு பொறியை நிறுவுதல் சிற்றூரார்க்கு இயலாத செயலன்று. இரண்டாவது, அடுக்களை வேலையில் ஆடவரும் பங்கு கொள்ளல் வேண்டும். பத்து நிமிட வேற்றுமையை ஒருத்தியே சுமத்தல் நீதியன்று. மூன்றாவது, பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டுள்ள உப்பு, எண்ணெய் அளவுகளை வாசிக்கும் பழக்கத்தைப் பள்ளியிலேயே கற்பித்தல் வேண்டும். நான்காவது, பொது அடுக்களைகளில் சிறுதவசங்கள் இடம்பெறல் வேண்டும். சத்துணவுத் திட்டம் 1982-ஆம் ஆண்டிலும், பள்ளிச் சிறார்க்கான காலை உணவுத் திட்டம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையிலும் தொடங்கப்பட்டன. விடியலில் வேலைக்குச் செல்லும் தாயரின் நேரக்குறையை ஊரே ஏற்றுக்கொள்ளும் வழி இதுவாகும். சிறார்க்கு இதனினும் சிறந்த விரைவுணவு வேறில்லை.

மாணவ நண்பர்காள்! பரோட்டாவைத் தொடாதீர் என்று யாம் கூறவில்லை. திருவிழா நாளில் உண்ணுதற்குரியதை அன்றாட உணவாக்காதீர் என்றே கூறுகின்றோம். விடுதி விட்டு ஊர் செல்லும்பொழுது, அங்கு உலக்கை ஓய்ந்திருப்பது கண்டு வருந்தற்க, மகிழ்மின். ஆயின், புஞ்சையில் குதிரைவாலியும் ஓய்ந்துவிட்டதா என்று நோக்குமின். அன்றன்றைய உணவை இறைவனிடத்து வேண்டி நிற்கும் நாம், அவ்வுணவை யார் உழைப்பால் பெறுகின்றோம் என்பதையும், அஃது உண்டார் உடலை வளர்க்கின்றதா என்பதையும் ஒருங்கே எண்ணுதல் நம் கடனாகும்.