பால்வினை நோய்கள் பரவும் வழி

மேகநோய், வெட்டைநோய், எய்ட்ஸ் முதலிய பால்வினை நோய்கள் ஓரிடத்தில் மிகுந்தும் மற்றோரிடத்தில் குறைந்தும் இருப்பதற்கு ஜனங்களின் நடத்தையே காரணமென்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முழு உண்மையன்று. சாலைகளின் போக்கும், பிழைப்பின் தன்மையும், வைத்தியசாலையின் தூரமும், ஊராரின் ஏச்சும் இந்நோய்களின் பரவலைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன.

நாமக்கல் வட்டாரம் இதற்குத் தக்க உதாரணமாகும். அங்கு லாரித் தொழில் ஓங்கி வளர்ந்தது. லாரி ஓட்டுநர்களும் கிளீனர்களும் வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பர். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி 1986-ஆம் ஆண்டில் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில், துறைமுகமோ பெருநகரமோ இல்லாத நாமக்கல், தமிழ்நாட்டில் இந்நோய் மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. நெடும் பிரிவும், லாரிகள் நிற்குமிடங்களில் உடலை விற்க நேர்ந்த பெண்களின் வறுமையும், ஆணுறை பற்றிய அறியாமையும் ஒன்றுகூடியதன் விளைவு இது.

நோயின் இயல்பும் இதற்குத் துணை செய்கிறது. மேகப்புண், நோய் தொற்றிய 10 முதல் 90 நாட்களுக்குள் தோன்றும், பெரும்பாலும் வலியிராது, சில வாரங்களில் தானே ஆறிவிடும். நோய் நீங்கிற்றென்று நம்பி வீடு திரும்புவோன் அதனை மனைவிக்கு அளிக்கிறான். எச்.ஐ.வி.யோ பல ஆண்டுகள் யாதொரு குறியுமின்றி உடலில் தங்கியிருக்கும். கணவனைக் கேட்கத் துணியாத மனைவிக்கு அவளுடைய கற்பொழுக்கமும் காப்பாவதில்லை.

இவற்றினும் கொடியது வெட்கம். ஊரறியும் என்றஞ்சி மறைப்போர் போலி வைத்தியரிடம் பணத்தையும் காலத்தையும் இழக்கின்றனர். மேகநோய் பெனிசிலின் ஊசியால் தீரும். எச்.ஐ.வி.க்கு 2004 முதல் அரசாங்கம் இலவசமாக மருந்து வழங்கி வருகிறது. அம்மருந்து கிருமியை அடக்கி வைக்கும். எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்குச் சிகிச்சை இல்லையேல், அவர்தம் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 பேர்க்கு அது தொற்றக்கூடும். முறையான சிகிச்சையால் இத்தொகை 5-க்கும் கீழே இறங்கும்.

ஆதலின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் செய்யத்தக்கவை மூன்று. கருவுற்ற பெண்கள் யாவரும் தொடக்கத்திலேயே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளத் தூண்டுதல் ஒன்று. வெளியூர் செல்வோர்க்கு ஆணுறையின் பயனையும், அரசாங்க வைத்தியசாலையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், அதன் முடிவு இரகசியம் என்பதையும் அறிவித்தல் மற்றொன்று. நோயுற்றவரைச் சங்கத்தின் கடனுதவியினின்றும் வேலையினின்றும் ஒதுக்காதிருத்தல் மூன்றாவது, எச்.ஐ.வி. உள்ளவரை வேலையில் பாகுபடுத்துவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. ஒருவரை ஒதுக்கினால் பத்துப்பேர் நோயை ஒளிப்பர்; ஒளித்த நோயே ஊரில் பரவும்.