சதுரங்கப் பட்டாம்பூச்சியின் புழுக்களை அறியுமாறு

வட அமெரிக்காவின் ஈரப் புல்வெளிகளிலும் கலிபோர்னியக் குன்றுகளிலும் வாழும் பட்டாம்பூச்சிகளுள் ஒரு கூட்டத்தை ஆங்கிலத்தார் 'செக்கர்ஸ்பாட்' என்பர். சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போலச் சிறகிற் புள்ளிகள் நிரைத்து நிற்றலின் இப்பெயர் எய்திற்று. தமிழ் பயில்வோர் செவிக்குச் 'செக்கர்' என்னுஞ் சொல் செவ்வானத்தையே நினைவூட்டும். அச்சிறகுகளின் செம்மஞ்சள் நிறத்திற்கு அதுவும் பொருந்துவதே! சிறகு முளைத்தபின் இவற்றை இனம் பிரித்தல் அத்துணை அரிதன்று. புழுப்பருவத்திற் பிரித்தறிதலே அரிது. ஈண்டு அதனையே ஆராய்வாம்.

இப்புழுக்கள் யாவற்றிற்கும் பொதுவான அடையாளம் உடலெங்கும் வரிசையாக நிற்குங் கிளைத்த கரிய முட்களாம். பார்வைக்கு அஞ்சத்தக்கனவாயினும், நம் நாட்டுக் கம்பளிப்பூச்சியின் மயிர்போல அவை தோலிற் பட்டால் தினவு உண்டாக்குவதில்லை.

முதற்கண், மேரிலாந்து மாகாணம் 1973-ல் தன் பூச்சியாக ஏற்றுக்கொண்ட 'பால்டிமோர்' இனத்தை நோக்குவோம். இதன் புழு செம்மஞ்சள் உடலிற் கருங்கோடுகள் குறுக்கே ஓடப்பெற்றது. 'ஹாரிஸ்' என்னும் மற்றோர் இனத்தின் புழுவும் அவ்வாறே செம்மஞ்சளும் கருமையுமாயிருக்கும். இரண்டும் ஒரே ஈரப் புல்வெளியில் வாழ்தலும் உண்டு. ஆகவே, கண்டவுடன் பெயர் கூறுவார் மயங்குதல் இயல்பே. உற்று நோக்கின், பால்டிமோர்ப் புழுவின் தலைப்பக்கத்துக் கணுக்கள் சிலவும் வாற்பக்கத்துக் கணுக்கள் சிலவும் பெரிதுங் கருத்திருத்தல் புலப்படும். ஹாரிஸ் புழுவில் செம்மஞ்சள் நிறம் இரு கோடியளவும் பரந்து செல்லும்.

உணவுச் செடியோ இன்னும் தெளிவான சான்று. பால்டிமோர்ப் புழு 'ஆமைத்தலை' எனப் பெயர்பெற்ற வெண்பூச்செடியில் நூல்வலை பின்னிக் கூட்டமாய் வாழும். ஹாரிஸ் புழு வெள்ளை ஆஸ்டர் செடி ஒன்றனையன்றிப் பிறிதொன்றை உண்ணாது. ஆயினும், இச்சான்றையே முற்றும் நம்புதல் கூடாது. குளிர்காலத்தை உறங்கிக் கழித்தபின், வேனிற் றொடக்கத்திற் பால்டிமோர்ப் புழுக்கள் தனித்தனியே பிரிந்து, பக்கத்திலுள்ள வேறு செடிகளையும் உண்ணத் தலைப்படும். அக்காலத்திற் செடியை விடுத்து நிறத்தையே துணைக்கொள்ளல் வேண்டும்.

பால்டிமோர்ப் புழு தன் நிறத்தை மறையாது காட்டுவதேன் எனின், அதன் செடியிலுள்ள கைப்புப் பொருள் புழுவின் உடலிற் சேர்ந்து தங்குகின்றது. ஒருமுறை கொத்திக் கைப்புணர்ந்த பறவை மறுமுறை அந்நிறத்தைக் கண்டு விலகும். நம் எருக்கிலையை உண்ணும் வரிப்புழுவின் செய்தியும் இத்தகையதே.

செடியறிவு ஏட்டளவில் நிற்பதன்று. 'எடித்தா' என்னும் இனத்தின் புழு கருமேனியிற் செம்மஞ்சட் புள்ளிகள் உடையது. கலிபோர்னியாவில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்குரிய ஜாஸ்பர் குன்றில் பால் எர்லிக் என்னும் பேராசிரியர் 1960 முதல் இதனை ஆராய்ந்துவந்தார். ஆங்கு அது 1998 அளவில் அற்றுப்போயிற்று. அப்புழுவின் முதன்மையான உணவு பிளாண்டாகோ என்னுஞ் சிறு பூண்டு. நாட்டுமருந்துக் கடையில் விற்கும் இசப்கோல் விதையைத் தருஞ் செடிக்கு இஃது உறவுமுறையது. இப்பூண்டு வாடுமுன் புழு போதிய அளவு வளர்ந்து உறங்கச் செல்லாவிடிற் பட்டினியால் மடியும்.

நெவாடா மாகாணத்துப் புல்வெளி ஒன்றில் நிகழ்ந்தது இன்னும் வியப்புடைத்து. ஆங்கு எடித்தாப் புழுக்கள் காலின்சியா என்னும் நாட்டுச் செடியை உண்டு வாழ்ந்தன. மாட்டுப்பண்ணையுடன் ஐரோப்பியப் பிளாண்டாகோ பரவவே, விரைவில் வாடாத அச்செடியில் முட்டையிட்ட பூச்சிகள் பெருகின. நாளடைவிற் பழைய செடியை அவை முற்றுங் கைவிட்டன. பின்னர் மாடுகளை அகற்றினர். மேய்ப்பாரற்ற புல் உயர்ந்து பிளாண்டாகோவை நிழலால் மூடிற்று. வெயிலின் வெப்பமின்றிப் புழுக்கள் இறந்தன, அக்கூட்டமும் அழிந்தது. சிங்கர், பார்மிசான் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இதனை 2018-ல் வெளியிட்டனர். சில ஆண்டுகட்குப் பின் வேறிடத்திலிருந்து பறந்துவந்த பூச்சிகள் அப்புல்வெளியில் மீண்டுங் குடியேறின. அவை முட்டையிட்டது பழைய காலின்சியாச் செடியிலேயே.