முல்லைக் குழுத் தலைவிக்கு

அன்புப் பேத்திக்கு,

தாத்தா எழுதுவது. உங்கள் பள்ளியின் மகிழ் முற்றம் குழு அமைப்பில் முல்லைக் குழுவுக்கு உன்னைத் தலைவியாக்கியிருக்கிறார்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். ஒன்பதாம் வகுப்பிலேயே இது கிடைத்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். பத்தாவது வந்துவிட்டால் பொதுத்தேர்வைக் காட்டி இதையெல்லாம் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிவிடுகிறார்கள். அது தப்பு என்பதே என் எண்ணம்.

நம் பள்ளிகளில் லீடருக்கு என்ன வேலை கொடுக்கிறார்கள்? சார் இல்லாதபோது பேசுகிறவர்களின் பெயரைப் போர்டில் எழுதுவது. அதில் பழகுவது அதிகாரம்தான், தலைமை இல்லை. அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் மகிழ் முற்றம் தொடங்கியபோது, குறிஞ்சி முதல் பாலை வரை ஐந்து குழுக்களிலும் பல வகுப்புப் பிள்ளைகளைக் கலந்து வைத்தார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது. உன் குழுவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் இருப்பார்களே, நீ எப்படிப்பட்ட தலைவி என்பது அவர்களிடம்தான் தெரியும்.

கூட்டத்தில் நீ முதலில் பேசாதே, கண்ணு. நான் பட்டாளத்தில் எழுத்தராக இருந்தவன். ராணுவ நீதிமன்றத்தில் உறுப்பினர்களின் கருத்தைக் கேட்கும்போது, பதவியில் இளையவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. மேலதிகாரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கீழே இருப்பவர் மாற்றிச் சொல்லத் தயங்குவார். துப்பாக்கி பிடித்தவருக்கே அந்தத் தயக்கம் என்றால், பதினோரு வயதுப் பிள்ளை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன பேசும்?

ஆண்டு விழாவுக்கு என்ன செய்யலாம் என்று சின்னப் பிள்ளைகளிடம் முதலில் கேள். கேட்டதும் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் கஷ்டம். பலரும் அங்கேதான் அவசரப்பட்டுத் தாங்களே பேசிவிடுகிறார்கள். நீ காத்திரு. ஒரு பிள்ளை யோசனை சொன்னால், அதை எல்லோருக்கும் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் பெயரையும் சேர்த்துச் சொல். கூட்டத்தில் பேசவே வராதவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களில் படம் வரைபவர் யார், கணக்கில் கெட்டி யார் என்று விசாரித்து, அதற்கேற்ற வேலையைக் கொடு. கொடுத்த வேலையைத் திரும்ப வாங்காதே. சுவர்ப் பத்திரிகையில் எழுத்து கோணலாக இருந்தாலும் இருக்கட்டும், நீ அழித்து எழுதாதே.

இன்னொன்று, காசு. விழாவுக்கென்று ஐந்து ரூபாய் வசூலித்தாலும் வரவு செலவை எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிடு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உத்திரமேரூர்க் கல்வெட்டில், ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைத் தேர்தலுக்கு நிற்க முடியாது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடைதான். காஞ்சிபுரம் பக்கம் போனால் அதை நேரில் பார்க்கலாம். கோடை விடுமுறைக்கு வா, கூட்டிப்போகிறேன்.

அடுத்த கூட்டத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை முதலில் பேசவிட்டுப் பார். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. போனில் வேண்டாம், கடிதமாகவே எழுது.

அன்புடன்,
தாத்தா